ஜவுளிக்கடைப் பின்னறை வைத்தியம்

பட்டணத்தில் இருக்கும் டாக்டர் மகனுக்கு, கோம்பையில் முழம் போட்டுத் துணி கிழித்துப் பிழைக்கும் உன் அப்பன் எழுதுவது. வியாழக்கிழமை தேனியில் ரயிலிறங்கிப் பஸ் பிடித்து வருகிறேன் என்று நீ போட்ட கார்டு வந்தது. உன் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். ஆகையால் நீ வரும் நாள் தெரிய வேண்டியவர்களுக்கும் தெரியும், தெரியக் கூடாதவர்களுக்கும் தெரியும். பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. என் கடிதங்களில் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் படிப்பது உன் வழக்கம் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை நடுவையும் படி. நான் பயந்து போயிருக்கிறேன். வேடிக்கை பேசுகிறவனுக்கு இது ஒரு தண்டனை. அவன் பயந்தாலும் ஒருவரும் நம்புவதில்லை. நேற்றுக் கடையில், "உடம்பெல்லாம் நடுங்குதய்யா" என்றேன். துணி எடுக்க வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ஒரு முழம் சும்மா கேட்டார்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து வீட்டு மருமகள் மாயக்காவைக் கோயில் முன்னால் உட்காரவைத்து, அவள் வாயால் ஒரு பெயரை வரவழைக்கப் போகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவன் சனிக்கிழமை உயிரோடு இருப்பானா என்பது சந்தேகம். அவளுக்குக் கண்ணை மூடி உட்காரவும், வாயைத் திறந்து பேசவும் சொல்லிக் கொடுத்தவன் நீ.

உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. தோட்டத்து வீட்டார் அந்தப் பிள்ளையை நம் கடைக்கு வண்டியில் ஏற்றி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்சாதி செல்லத்தாய், தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்த நாளிலிருந்து மாயக்காவுக்கு வலது கை மூடிக்கொண்டது. விரல் விரியவில்லை. விபூதி போட்டார்கள், வேப்பிலை அடித்தார்கள். மலைக்கு மேலேயிருந்து மலையாளத்து மாந்திரீகர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர், "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று சொல்லிக்கொண்டே பிரம்பால் விளாசினார். பயப்படாதே என்று அர்த்தமாம். அவர் சொன்ன தொனியில் தெருவில் நின்ற நான் இரண்டு அடி பின்னால் போனேன். அதற்கப்புறம்தான் உன்னிடம் வந்தார்கள்.

நீ அப்போது உன்னுடைய புது யோசனையில் இருந்தாய். காலேஜ் லீவில் வீட்டுக்கு வராமல் சுருளிமலைக் குகைச் சாமியாரிடம் போய் உட்கார்ந்து, மூச்சைக் கவனிக்கப் படித்தாய். பிறகு சீமையில் படித்து வந்த பெரிய டாக்டரிடம், நோயாளியைச் சாயவைத்து மனசில் வருவதையெல்லாம் பேசவிடும் வைத்தியத்தைப் படித்தாய். சாப்பிடும்போது எனக்கு விளக்கினாய்: "சாமியார் உட்காரச் சொல்றார். உட்கார்ந்தவனுக்குள்ள கிளம்புறதை என்ன செய்யன்னு சொல்லலை. சீமை டாக்டர் பேசச் சொல்றார். பேசவே பயப்படுறவனை எப்படி அமத்துறதுன்னு சொல்லலை. ரெண்டையும் சேத்தா என்னப்பா?" நான், "சேத்துப் பாருய்யா, சாம்பாரில ரசத்தை ஊத்துனாலும் சோறு இறங்கத்தான் செய்யும்" என்றேன். நீ சிரிக்கவில்லை. என் பேச்சுக்குச் சிரிக்காத ஒரே ஆள் இந்த ஊரில் நீதான். அதனால்தான் உன்னிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு, மரியாதையும் உண்டு.

முதல் நாளே உன் வைத்தியத்துக்கு நம் ஊர் குறுக்கே வந்து நின்றது. வண்டியிலிருந்து மாயக்கா இறங்குவதற்கு முன்னால் அவள் மாமியார், நாத்தனார், சின்னம்மா, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் இறங்கி நம் பின்னறையில் இடம் பிடித்துவிட்டார்கள். நீ அந்தப் பிள்ளையைப் பார்த்து, "உங்களுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்றாய்.

"அவளுக்கு ஒண்ணும் செய்யல தம்பி. கைதான் விரியல" என்றாள் மாமியார்.

"அவங்க சொல்லட்டும்."

"அவளுக்கு என்ன சொல்லத் தெரியும்? நான் எல்லாத்தையும் சொல்லிப்புடுறேன். வேணும்னா அவளுக்குப் பதிலா நானே கண்ண மூடி உக்காரட்டா?"

நீ எல்லாரையும் வெளியே அனுப்பினாய். அனுப்பினவன் என்னையும் ஒரு பார்வை பார்த்தாய். கடைக்கும் பின்னறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒருவர் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் வேட்டி ஆடும். அதில் மாட்ட ஒரு ஜமுக்காளம் கேட்டாய். நான் நல்ல மனசோடு கடையில் உள்ளதிலேயே மெல்லிய ஜமுக்காளமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். நீ அதைக் கையில் தடவிப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து விலைபோகாத கம்பளிகளையெல்லாம் இறக்கி அடுக்கடுக்காகத் தொங்கவிட்டாய். அன்றைக்கு எனக்கு ரோஷம். தகப்பனை நம்பாத பிள்ளை என்று உன் அம்மாவிடம் புலம்பினேன். அவள், "உங்கள நம்பலாம். உங்க வாயத்தான் நம்ப முடியாது" என்றாள். அது நியாயம்தான். தேவாரத்தில் ஒரு வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அந்தச் செய்தி பண்ணைப்புரத்துக்கு என் கடை வழியாகத்தான் போகிறது.

ஆனால் கம்பளி காதைத்தான் அடைத்தது, கண்ணை அடைக்கவில்லை. பின்னறையின் சன்னல் சந்தைப் பக்கம் இருக்கிறது. தண்ணீருக்குப் போன பெண்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட காட்சியை நீ அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு ஏறி இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் தலை தொங்கி, தனக்குத் தெரியாத மாதிரி ஏதோ பேசுகிறாள். ஒரு ஆள் அவள் முகத்தைப் பார்க்காமல் பின்னால் உட்கார்ந்து, மெதுவாக ஒன்றிரண்டு கேள்வி கேட்கிறான். இதற்கு இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பெயர்தான் உண்டு. சாமி இறங்கிக் குறி சொல்லுதல். நீ கிழக்கையும் மேற்கையும் சேர்த்ததாக நினைத்தாய். சேர்ந்து வந்த சாமானைப் பார்த்ததும் ஊருக்கு அது தன் பழைய சொத்து என்று அடையாளம் தெரிந்துவிட்டது. மறு செவ்வாய்க்கிழமை கடை வாசலில் தேங்காயும் சூடமும் வந்து இறங்கின. ஒருவர் காணாமல் போன காளையைப் பற்றிக் கேட்க வந்தார். நீ அவரை விரட்டினாய். அவர் வீட்டுக்குப் போனபோது காளை தானாகத் திரும்பி வந்து தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் நீ என்ன சொன்னாலும் எடுபடவில்லை. "இது வைத்தியம்" என்று கத்தினாய். "வைத்தியம்னா மருந்து எங்க தம்பி?" என்று கேட்டார்கள்.  நானும் அப்போது சிரித்துக்கொண்டு இருந்தேன். உடைத்த தேங்காயில் உன் அம்மா துவையல்கூட அரைத்தாள்.

பிறகு உன்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். போகும்போது மாயக்காவிடம், தினமும் காலையில் உட்காருவதை மட்டும் விடாதே, பேச்சு வந்தால் நான் வரும்வரை உள்ளேயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாய். நல்ல பிள்ளை, சொன்னபடி வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தாள். சுற்றிப் பத்துப் பெண்கள் உட்காராமல் அவளால் உட்கார முடியுமா? கொல்லை எல்லாருக்கும் பொது. போன அமாவாசையன்று காலையில், கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் திடீரென்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறினாளாம்: "கையப் புடி! கையப் புடி!" அலறியபோது அந்த வலது கை விரிந்துவிட்டது. ஐந்து விரலும் நேராக நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். உன் வைத்தியம் பலித்தது, தம்பி. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். பக்கத்தில் இருந்தவர்கள் சாமி என்று கும்பிட்டார்கள்.

செத்தவள் வந்து பேசிவிட்டாள் என்று தீர்மானமாகிவிட்டது. கிணற்றுக்குள் கிடந்து கையைப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்சினவள் செல்லத்தாய். அப்படியென்றால் பிடிக்காமல் நின்றவன் யார்? அன்றைக்குத் தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் கருப்பையா. அவன் கோபக்காரன். புருஷன் பெண்சாதி சண்டை தெருமுனைவரை கேட்கும். அதை மிளகாய்ப்பொடி தூவி நான்கு ஊருக்குப் பரப்பியவர்களில் நானும் உண்டு என்பதை நீ கேட்காமலே சொல்லிவிடுகிறேன். இப்போது கருப்பையா வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. செல்லத்தாயின் அண்ணன்மார் இரண்டு பேர் தேவாரத்திலிருந்து வந்து இங்கேயே தங்கியிருக்கிறார்கள். கோயில் முன்னால் மாயக்கா உட்கார வேண்டும், தங்கச்சி வாயால் பெயர் வர வேண்டும், வந்தபிறகு பார்த்துக்கொள்கிறோம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டார்கள். முந்தாநாள் நம் கடைக்கு வந்து ஆளுக்கொரு புது வேட்டி எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "வெள்ளிக்கெழமைக்கு" என்றார்கள். இரண்டு பேருக்கும் நல்ல சிரித்த முகம். அதைப் பார்த்து, அவர்கள் பேரம் பேசாமலே விலையைக் குறைத்துக் கொடுத்தேன். என் வியாபார வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போன பிறகு மாயக்கா வந்தாள். கையில் குடம், தண்ணீருக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"டாக்டரய்யா எப்ப வருவாக மாமா?"

"வியாழக்கெழம ஆத்தா."

"அதுவரைக்கும் தாங்காது. நீங்க செத்த நேரம் அங்கன வந்து உக்காருங்க. பின்னால ஒருத்தர் இருந்தாத்தான் எனக்கு வருது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரக் குஷி. கம்பளிக்கு அந்தப் பக்கம் நடந்தது என்ன என்று இத்தனை நாளாக ஏங்கியவன் நான். சன்னலைச் சாத்திவிட்டு உன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் பார்த்தாள். பிறகு பேசினாள். "அக்கா படியில வழுக்குச்சு மாமா. கைய நீட்டுச்சு. நான் புடிச்சேன். வளையல் நொறுங்குச்சு. நானும் உள்ள போயிருவேன்னு பயம் வந்துருச்சு. விட்டுட்டேன். ஒரு கத்து கத்தியிருந்தா பெரியவுக ஓடியாந்து குதிச்சிருப்பாக, கவல ஓட்டிக்கிட்டு கெணத்துக்கு மறுபக்கந்தான் நின்னாக. எனக்குச் சத்தம் வரல. சோளக்கொல்லைக்குள்ள ஓடிப்போய்ப் படுத்துக்கிட்டேன்." பெரியவுக என்று அவள் சொன்னது புருஷனின் அண்ணன் கருப்பையாவை. அழவில்லை. சொல்லிவிட்டு, "டாக்டரய்யாவுக்கு இது தெரியும்" என்றாள்.

தம்பி, அந்த இடத்தில்தான் எனக்கு உன்னைப் பற்றிப் பயம் வந்தது. இதை வைத்துக்கொண்டா நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? நான் கருப்பையாவைப் பற்றிக் கேலி பேசியபோது, தலையைக் குனிந்து மோரை ஊற்றிக்கொண்டாயே, அப்போதும் இது உனக்குள் இருந்ததா? உனக்குப் பசி குறைந்துவிட்டது என்று உன் அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பேசுகிறவளுக்கு உன் வைத்தியத்தில் பாரம் இறங்குகிறது. கேட்கிறவனுக்கு எங்கே இறக்க இடம் வைத்திருக்கிறாய்? சாமியார் அதற்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தாரா, சீமையில் ஏதாவது வழி உண்டா, அல்லது இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே விட்டுவிட்டார்களா? தகப்பன் என்ற முறையில் நான் சொல்லும் புத்தி ஒன்றே ஒன்று. உனக்குப் பின்னால் உட்காரவும் ஒரு ஆளைப் பார்த்து வைத்துக்கொள். நான் அந்த ஆள் அல்ல. ஆனால் பட்டணத்தில் உன் பெரிய டாக்டர் இருக்கிறாரே, வருவதற்கு முன்னால் ஒரு தடவை அவரிடம் போய் உட்கார்ந்துவிட்டு வா.

 கருப்பையா கொலைகாரன் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பித்துவிடுவான். அந்த ஒரு வார்த்தையிலே இந்தப் பிள்ளை போய்விடும். கையை விட்டவள் என்பதை ஊர் தள்ளிவிட்டவள் என்று ஆக்க எவ்வளவு நேரமாகும்? அந்த வேலையை நானே பல பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மூச்சைக் கவனித்தால் அடங்கும் என்று நீ சொன்னதை நம்பித் துணிமூட்டைகளுக்கு நடுவே கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே போகிற மூச்சு சும்மா போகிறது. வெளியே வருகிற மூச்சு ஒவ்வொன்றும் அந்தச் சங்கதியைத் தூக்கிக்கொண்டு பல்லுவரை வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபோது உன் அம்மா வந்து பார்த்துவிட்டாள். "ஆத்தாடி, உங்களுக்கும் வந்துருச்சா?" என்று நெற்றி நிறைய விபூதியை அப்பினாள்.

மாயக்காவுக்கு நான் யோசனை சொல்லாமல் இல்லை. என் யோசனை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கண்ணை மூடி உட்கார்ந்து, அந்த மலையாளத்து மாந்திரீகர் பெயரைச் சொல்லிவிடு ஆத்தா, அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், போய்த் தேடட்டும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சொன்னாள்:

"கண்ண மூடிக்கிட்டு நான் எதச் சொன்னாலும் செல்லத்தாயி சொல்றாம்பாக மாமா. தொறந்துகிட்டுச் சொல்லப் போறேன். அந்த அண்ணமாருக மூஞ்சியப் பாத்து, நான்தான் கைய விட்டேன், பெரியவுக படிப்பக்கம் வரவே இல்லன்னு சொல்லப் போறேன்."

"சொன்னா விட்டுருவாகளா உன்னைய?"

"தெரியல."

"பயமா இல்லையா ஆத்தா?"

"இருக்கு மாமா. முன்ன கையில மட்டும் இருந்துச்சு, இப்ப ஒடம்பு பூரா இருக்கு. ஆனா கை வேல செய்யுது." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

ஆகையால் நீ வா. வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. கோம்பையில் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்காதே. பெயரைச் சீக்கிரம் வரவழைக்கச் சொல்லி அண்ணன்மார் ஒரு பக்கமும், அவள் வாயில் பேச்சைப் போட்டுக் கொடுத்தவன் நீதான் என்று கருப்பையாவின் பங்காளிகள் இன்னொரு பக்கமும் பஸ் நிற்கும் இடத்தில் உனக்காக நிற்பார்கள். உத்தமபாளையத்தில் இறங்கிவிடு. வண்டி அனுப்புகிறேன். கோயில் முன்னால் ஊருக்கு எந்த சாஸ்திரமும் விளக்காதே. அவளுக்குப் பின்னால் போய் உட்கார், போதும். வண்டி ஓடாமல், வழியில் ஏதாவது ஆகி, நீ வந்து சேரவில்லையென்றால் நான் உட்காருவேன். அந்த நேரத்தில் எழுந்து ஓடிவிடுவேனோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. ஆனால் என் உடம்பு பருமனுக்கு ஓட்டம் வெகுதூரம் போகாது.

இவ்வளவு எழுதி முடித்து உறையில் போடுகிற நேரத்தில் உன் அம்மா வந்து நின்றாள். "பின்னறைய ஒழிச்சு வையுங்க. வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் அந்தப் பிள்ளைய அவுக வீட்டுல வச்சிருக்க மாட்டாக. இங்கன வந்து கெடக்கட்டும்" என்றாள்.  நான் இவளிடம் ஒரு எழுத்துச் சொல்லவில்லை.

"உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல. ஊரே கருப்பையாவப் பேசுது, நீங்க மட்டும் ரெண்டு நாளா வாயத் தொறக்கல. அவன் செய்யலன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. மாயக்கா வந்துட்டுப் போனதுலருந்துதான் இப்படி இருக்கீக. அப்புறம் வேற யாரு?"

அடுப்பங்கரையில் இருப்பவளுக்கு இது தெரியும் என்றால், தினமும் என் எதிரே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தெரிய எத்தனை நேரமாகும்? மாயக்கா தன் வாயால் சொல்வதற்கு முன்னால் என் மௌனம் அவளைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது. கடை வாசலில் தேவாரத்து அண்ணன்மார் வந்து நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. நான் போய் வாய் ஓயாமல் பேச வேண்டும், தம்பி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேச வேண்டும். என்ன பேசுவது என்று ஒன்றும் தோன்றவில்லை.